மீட்டரண்ணன் காலியாக விட்ட முதல் வரி

மேடையில் இருக்கிற சங்கத் தலைவர் ஐயா, செயலாளர் ஐயா, முன்வரிசையில் இருக்கிற அண்ணி, இடது பக்கம் உட்கார்ந்திருக்கிற ஐஸ் ஃபாக்டரி அணிப் பிள்ளைகளே, வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற பஸ் டிப்போ அணிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். இரங்கல் கூட்டத்தில்கூட நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுவில் நிற்க வேண்டியவர் படத்தில் இருக்கிறார்.

எனக்குப் படிப்பு கிடையாது. கால்பந்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன். கோடு போட்ட கையில் கொடியைக் கொடுத்து, இருபத்திரண்டு வருஷம் என்னை லைன்ஸ்மேனாக நிற்க வைத்தவர் நம் நடுவர், நம் மீட்டரண்ணன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவர் உத்தியோகம். எத்தனை தெரு, எத்தனை வாசல்! ஒரு நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விசிலோடு வந்தால் மட்டும் மனிதர்கள் குரைப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், கொடி வாங்குவதற்கு முன்னால் நானும் கயிற்றுக்கு வெளியே நின்று குரைத்தவன்தான். அதைச் சொன்னால் சிரிப்பார். "ரெண்டு பக்கமும் திட்டினாத்தான்டா அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கும்" என்பார்.

ஒரு அணி தப்புச் செய்தால் நடுவருக்கு வேலை சுலபம். இரண்டு அணியும் செய்தால்? இவன் காலைத் தட்டிவிடுகிறான். அவன் எழுந்து நெஞ்சில் தள்ளுகிறான். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? ரெண்டு பேரும்தானே பண்ணினார்கள், சரியாப் போச்சு, விடு என்பார்கள். அண்ணன் விட்டாரா? ஒரு நாளும் விட்டதில்லை. விசில் ஊதுவார். பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். அது அங்கே இருக்கிறவரை யாரும் ஆட முடியாதே! நேராக என்னிடம் வந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரே கேள்வி கேட்பார்.

"எது முதல்ல?"

யார் என்று கேட்க மாட்டார். எந்த அணி என்று கேட்க மாட்டார். எது முதலில்? அவ்வளவுதான். முதல் தப்பு யார் மேல் நடந்ததோ அந்த அணிக்குப் பந்தை உதைக்கிற வாய்ப்பு, ஃப்ரீ கிக். திருப்பி அடித்தவனுக்கு அட்டை. முதலில் செய்தவன் செய்ததும் அட்டைக்குரியதென்றால் அவனுக்கும் அட்டை. இரண்டும் ஒரே நொடியில் நடந்தால், எது பெரிய தப்போ அதற்குத்தான் ஃப்ரீ கிக். ஒரு தப்பு இன்னொரு தப்பை அழிக்காது என்பார். குறிப்பேட்டில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, நடந்த வரிசையிலேயே எழுதுவார்.

வீட்டில் பிள்ளைகள் அடித்துக்கொண்டாலும் இதே கேள்விதானாம். ஒருநாள் அண்ணிக்கும் அவருக்குமே தகராறு. அண்ணி சொன்னார்களாம், "நான் உப்பை அள்ளிப் போட்டது ஒண்ணு. நீங்க தட்டைத் தள்ளினது ரெண்டு. ரெண்டையும் எழுதுங்க." எழுதினாரா, அண்ணி? தலையாட்டுகிறார்கள். எழுதியிருக்கிறார்.

எங்கேயோ போய்விட்டேன். கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு இறுதி ஆட்டம். ஐஸ் ஃபாக்டரி ஒரு கோல் முன்னால். முடியப் பத்து நிமிஷம். டிப்போவுக்குக் கார்னர். பந்து காற்றில் வருகிறது, கோல் முன்னால் ஒரே கூட்டம். டிப்போவின் ஏழாம் எண் தம்பி, ஐஸ் ஃபாக்டரியின் நாலாம் எண்ணை முழங்கையால் இடித்தது அண்ணன் கண்ணில் பட்டது. அதற்கு முந்தி நடந்தது, குறுக்கே ஆட்கள் நின்றதால் அவர் கண்ணில் படவில்லை. நான் நின்ற மூலையிலிருந்து அது தெரிந்தது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "எது முதல்ல?"

நாலாம் எண் என் மருமகன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் மகள் நிற்கிறாள். நான் வாயைத் திறந்தால் டிப்போவுக்குப் பெனால்டி கிக், ஆட்டம் சமமாகிவிடலாம்.

"தெரியலண்ணே" என்றேன்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். மீட்டர் முள்ளைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அதில் கோபம் இல்லை. திரும்பிப் போய்த் தம்பிக்குச் சிவப்பு அட்டை காட்டினார். ஐஸ் ஃபாக்டரிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். ஐஸ் ஃபாக்டரி ஜெயித்தது. டிப்போக்காரர்கள் சங்கத்தில் முறையிட்டார்கள். நடுவரின் அறிக்கை வரட்டும் என்றது சங்கம். புதன்கிழமை காலையில், ஒரு வீட்டில் மீட்டர் பார்க்கக் குனிந்தவர், அப்படியே படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அறிக்கை வரவில்லை.

இன்று காலை அண்ணி என்னைக் கூப்பிட்டு, செயலாளரிடம் சேர்க்கச் சொல்லி இந்தக் குறிப்பேட்டைக் கொடுத்தார்கள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கடைசிப் பக்கத்தில் இரண்டாம் எண் போட்டு, "டிப்போ ஏழு, முழங்கை, சிவப்பு" என்று இருக்கிறது. அதற்கு மேலே ஒன்றாம் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு எதிரே எதுவும் இல்லை, வெறும் காகிதம்.

அந்தத் தம்பியின் சட்டைக் கழுத்து கிழிந்து தொங்கியதை அண்ணன் பார்த்திருப்பார். கண்ணால் காணாததை எழுதுகிற ஆளா அவர்? நான் தெரியலண்ணே என்று சொன்னதையும் எழுதவில்லை. சொல்லுவான் என்று எனக்கு இடம் விட்டிருக்கிறார்.

சொல்கிறேன். முதலில் சட்டையைப் பிடித்து இழுத்தது ஐஸ் ஃபாக்டரி நாலாம் எண். அதற்குப் பிறகுதான் முழங்கை.

மாப்பிள்ளை, எழுந்து போகாதீங்க. உட்காருங்க. மிச்சத்தை வீட்டில் பேசிக்கலாம். டிப்போப் பிள்ளைகளே, நீங்கள் கை தட்டாதீர்கள். இரண்டாவது வரியை யாரும் அழிக்கப் போவதில்லை. ஏழாம் எண் தம்பி, உன் சிவப்பு சிவப்புதான்.

மூன்றாவதாக ஒரு வரி நான் சேர்க்கிறேன். "லைன்ஸ்மேன். பார்த்ததைச் சொல்லவில்லை." அதற்கு என்ன அட்டை என்று சங்கம் சொல்லட்டும், வாங்கிக்கொள்கிறேன். ஆட்டத்தை என்ன செய்வதென்றும் சங்கம் முடிவு செய்யட்டும். கொடி என் கையில் இருந்தாலும் சரி, பிடுங்கினாலும் சரி, எது முதலில் என்று யார் கேட்டாலும் இனி இந்த வாய் மூடாது. அண்ணன் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கிற வாக்கு இது.

செயலாளர் ஐயா, அந்தப் பேனாவைக் கொடுங்கள். என் எழுத்து கோணலாக இருக்கும், கொஞ்சம் நேரமும் ஆகும். எழுதி முடிக்கிறேன். அதற்குப் பிறகு எல்லோரும் எழுந்து நிற்போம்.