செங்கல் கிளப்பு பஸ் பின்னாடி போகாது

...பாத்தீங்களா, பாத்தீங்களா! வைக்கோல் வண்டி! இந்தச் சந்துக்குள்ள நான் நுழைஞ்சா போதும், எதிர்ல ஒரு வைக்கோல் வண்டி வந்து நிக்கணும். என் தலையெழுத்து. பாலத்து ரோடு வருஷம் பூரா குண்டும் குழியுமா கெடக்கும், எவனும் எட்டிப் பாக்க மாட்டான். எலெக்‌ஷன் வருதுன்னா போதும், உடனே மேயருக்கு ரோட்டு மேல பாசம் பொத்துக்கிட்டு வந்துரும். தாரை ஊத்தி ரோட்டை மூடிட்டான். அப்ப நான் வேற எந்தப் பக்கம் போறது? சொல்லுங்க.

நீங்க எதுக்கு தங்கச்சி கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? பூரெனி ஸ்டேஷன் எங்க போயிரப் போவுது. நம்ம நாட்டு ரயிலு என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கு? தெரியும், தெரியும், ஞானத்தாய் நீங்க போகாம பாதிரியார் புள்ளையைத் தண்ணியில முக்க மாட்டாரு. இத்தாலியில இருந்து இதுக்குன்னே வந்திருக்கீங்க. அங்க கெழடுகட்டைங்களைப் பாத்துக்கற வேலைதானே? அதான, நம்மூருப் பொம்பளைங்க எல்லாருக்கும் அங்க அதே வேலைதான். அந்த மெழுகுவத்தியை நேரா பிடிங்க, ரிப்பன் கசங்குது பாருங்க.

என்னடா? டேய், டுடோசே மவனே, என்ன கத்தற? பின்னாடி எடுக்கணுமா? நானா? ஏன், நீ எடேன்! குதிரை பின்னாடி நடக்காதா? அப்ப என் பஸ் மட்டும் நடக்குமா? உங்கப்பன்கிட்ட போய்க் கேளு, ஃபிலிமோன் பஸ் என்னிக்காவது பின்னாடி போயிருக்கான்னு!

இவங்கப்பன்தான் தங்கச்சி, எங்க கிளப்பைக் கொன்னவன். இதே சந்து. இதே மாதிரி வைக்கோல். அப்பன் அன்னிக்கி நின்னான், மவன் இன்னிக்கி நிக்கறான். குடும்பத் தொழிலு.

எந்தக் கிளப்பா? அட, இந்தக் கியர் கம்பில குமிழுக்குக் கீழ ஒரு வளையம் இருக்கு பாருங்க, அதுல தொங்குதே சின்னக் கொடி... தொடாதீங்க, தொடாதீங்க, நூலு நைஞ்சு போச்சு. எங்க ஊரு ப்ளொப்ஷோரோட செங்கல் கிளப்பு, கால்பந்து கிளப்பு. ஊர்ல மிச்சம் இருக்கறது இந்த ஒரு கொடிதான். அந்த வளையத்தை பஸ்ஸைச் செஞ்ச ஜெர்மன்காரன் அழகுக்கு மாட்டியிருக்கான் போல, கொடி தொங்கவிட வாட்டமா இருக்கு.

பேரு ஏன் செங்கல்லுன்னு நெனைக்கிறீங்க? சூளைக்காரன் ஆரம்பிச்ச கிளப்பு, ரோஜாப்பூன்னா பேர் வைப்பான்? பழைய கம்யூனிஸ்ட் ஆட்சில சூளையில வேலை பாக்கறவன்தான் ஆட்டக்காரன். கிரவுண்டு பூரா செவப்புத் தூசி. வெளியூர் டீமு வெள்ளச் சட்டையில வந்து எறங்கும், திரும்பப் போறப்ப எல்லாம் எங்க டீமு மாதிரியே இருப்பானுங்க. ரெஃபரிக்கு யாரு எவன்னே தெரியாது. அதுல எங்களுக்கு எத்தனை ஆட்டம் கெடைச்சிருக்கு தெரியுமா! என்ன கூட்டம், என்ன கூட்டம்... சூரியகாந்தி வெதையைக் கொறிச்சுத் துப்பி, ஆட்டம் முடிஞ்சா கேலரில முட்டி அளவு தோலு கெடக்கும்.

அப்பறம் புரட்சி வந்துச்சு, சுதந்திரம் வந்துச்சு, சூளைக்கு ஒரு மொதலாளி வந்தான். மொதல்ல மெஷினை வித்தான். அப்பறம் கூரையை வித்தான். கடைசில செங்கல் சூளையையே செங்கல் செங்கலா பேத்து வித்துட்டுப் போய்ட்டான். கிளப்பு அநாதை.

அப்பத்தான் மேயர் வார்லாம் எடுத்துக்கிட்டாரு. கால்பந்துன்னா அவருக்கு உசுருன்னு நெனைக்காதீங்க, ஓட்டுன்னாதான் உசுரு. ஆட்டக்காரன் அத்தனை பேரையும் நகராட்சி ஆளாக்கிட்டாரு. கோல்கீப்பர் கிட்ஸாவுக்குக் கல்லறைக் காவல். அவன் காவல் இருந்த வரைக்கும் ஒரு பொணம் வெளிய போனதில்ல, உள்ளதைச் சொல்லணும். கோலுதான் நெறைய உள்ள போச்சு. கோல் அடிக்கறவனை நூலகத்துல போட்டாரு. அவன் அதுவரைக்கும் புத்தகத்தைத் தொட்டதே மேசைக் காலுக்கு முட்டுக் குடுக்கத்தான். ஆனா என்ன ஒதை ஒதைப்பான்! எல்லாரும் நல்ல பசங்க.

டேய், ஹாரன் அடிச்சா நான் பயந்துருவனா? பின்னால பாருங்க யாருன்னு... யாருமில்லியா? அப்ப எவன் அடிக்கறான்? ஓ, நான்தான் கைய வச்சிருக்கேன்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், கோச்சு ஸ்பிரிதோன். பட்டணத்துல படிச்சுட்டு வந்த ஆளு. கரும்பலகைல முக்கோணம் போடுவாரு. பசங்க வாயைப் பொளந்து பாப்பானுங்க. சகுனம், கண்ணேறு, மண்ணாங்கட்டி, எதுவும் நம்பாத மனுஷன். அவரை மாத்தினது யாரு? நான்! இந்த ஃபிலிமோன்!

இந்த பஸ்ஸு ஜெர்மனில இருந்து வந்த அன்னிக்கி. மேயர் எங்கயோ பேசி, ஓட்ட ஒடசல் ஒண்ணை வாங்கிட்டு வந்துட்டாரு. மொத நாளே மேட்ச்சு. கிரவுண்டு கேட்டுக்கிட்ட நிக்கறேன். மேயர், பாதிரியார், பேண்டு வாத்தியம், ஊரே நிக்குது. கோச்சு சொல்றாரு, "ஃபிலிமோன், கொஞ்சம் பின்னாடி எடுங்க, ஃபோட்டோவுக்கு மேயர் தெரியல." நான் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு எறங்கி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன், "மிஸ்டர், மேட்ச் நாள்ல டீம் பஸ் பின்னாடி போகக் கூடாது. போனா டீமும் பின்னாடி போயிரும்." நான் ஒண்ணும் புதுசா சொல்லல. நம்ம நாட்ல எந்த டீம் டிரைவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான். கோச்சு சிரிச்சாரு. மேயரு சிரிக்கல, அவருக்கு எலெக்‌ஷன். பாதிரியார் பஸ்ஸு மேல தீர்த்தம் தெளிச்சாரு. அன்னிக்கி நாலு கோலு! எதிராளி ஒண்ணுகூட போடல!

அதோட மனுஷனுக்குப் புடிச்சுக்கிச்சு பாருங்க. முக்கோணம் எல்லாம் போச்சு. மேட்ச் நாள்ல ராசிக்குன்னு சம்சாரத்தை கிரவுண்டு வாசல்ல தண்ணி நெறைஞ்ச வாளியோட நிக்க வைப்பாரு. பாவம் அந்தம்மா, பனியா இருந்தாலும் வாளிதான், மழையா இருந்தாலும் வாளிதான். பஸ்ஸுக்காக கிரவுண்டுல பின்னாடிச் செவத்தை இடிச்சு இன்னொரு கேட்டு வச்சாங்க. இப்பிடி நுழைஞ்சு அப்பிடி வெளிய. என் வீட்டுலயும் ரெண்டு கேட்டு வச்சிருக்கேன். இப்ப நான் ஓட்டற ரூட்டும் வட்டந்தான். எங்கயும் திரும்ப வேண்டிய வேலையே இல்ல. ஊர்ல கேட்டுப் பாருங்க, ஃபிலிமோன் மாதிரி கட்டுப்பாடான டிரைவர் கெடையாதும்பாங்க.

நீங்க எதுக்குப் பையை எடுத்து மடில வைக்கறீங்க? நடந்து போகலாம்னா? அந்தச் செருப்புலயா? வேகாத வெயில்ல மெழுகுவத்தி உருகி வளைஞ்சு போயிரும். ஒக்காருங்க, ஒக்காருங்க. முக்கியமான கட்டமே இனிமேதான்.

மூணாவது டிவிஷனுக்குப் போக ஒரே ஒரு ஆட்டம். ஜெயிச்சா மேல. பூரெனில வச்சு. பஸ்ஸு நெறைய ஆளுங்க, பாட்டு, கொடி. கோச்சு அழுதுட்டே வர்றாரு சந்தோஷத்துல. பாலத்துக்கிட்ட வந்தா, தாரு! மேயர் வார்லாமே குனிஞ்சு நின்னு பத்திரிகைக்காரனுக்கு மண்வெட்டியோட சிரிக்கறாரு. தன் டீமுக்குத் தானே ரோட்டை அடைச்ச மேயரை எங்கயாவது பாத்திருக்கீங்களா? சரி, இந்தச் சந்துக்குள்ள விட்டேன். பாதி வந்தா, எதிர்ல டுடோசே. வண்டி நெறைய வைக்கோல். இந்தப் பக்கம் திராட்சைத் தோட்டத்துச் செவரு, அந்தப் பக்கம் ஓடை. அவன் குதிரை பின்னாடி வராது. எங்க பஸ்ஸும் போகாது.

கோச்சு என்ன செஞ்சாரு? டீமை எறக்கி வைக்கோலை உருவச் சொன்னாரு. வண்டி ஒல்லியானா ஓரமா போயிருமாம்! பதினோரு பேரும் மேட்ச் சட்டையோட வைக்கோலைப் புடுங்கறானுங்க. டுடோசே சாட்டையை எடுத்துட்டு வெரட்டறான். கிட்ஸாவுக்கு வைக்கோல் ஆகாது, தும்மித் தும்மிக் கண்ணே தெரியல. கடைசில பாத்தா வண்டி ஒல்லியாத்தான் ஆச்சு. சக்கரம் எப்பிடிங்க ஒல்லியாகும்?

அப்ப கோச்சு என்கிட்ட வந்தாரு. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. கண்ணு கலங்கிப் போயி, "ஃபிலிமோன், பின்னாடி எடுங்க. பாவம் என் தலையில வரட்டும்"னு சொன்னாரு. பசங்களும் திரும்ப பஸ்ல ஏறியாச்சு. எல்லாரும் என் கையையே பாக்கறாங்க. எனக்கு வேர்த்துக் கொட்டுது. "மிஸ்டர், நீங்க நம்பிக்கையை விடலாம், நான் விட மாட்டேன்"னு சொல்லிட்டேன். நெஞ்சை நிமித்திச் சொன்னேன்!

நடந்து போயிச் சேந்தானுங்க. ரெஃபரி விசிலை ஊதி ஆட்டத்தை முடிச்சுட்டு, பூரெனிக்காரனுங்களோட ஒக்காந்து சுட்ட மீச்சுக் கறியும் பீருமா வெளுத்துக்கிட்டிருந்தான். வராத டீமு தோத்ததா கணக்கு, ஆடாமலே மூணுக்கு சைபர். அந்த எலெக்‌ஷன்ல வார்லாம் போனாரு. புது மேயருக்குக் கோழிப் பண்ணைதான் பிடிக்கும், கிளப்பைக் கலைச்சுட்டான். கோச்சு சாகற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்த பேசல தங்கச்சி. சந்தையில எதிர்ல வந்தா அந்தப் பக்கமா போயிருவாரு. எனக்கு அதுதான் ஆறல. நான் என்ன தப்பு பண்ணேன்? கோல் போடாதவனை விட்டுட்டு டிரைவர் மேல கோவப்பட்டா என்ன நியாயம்? இப்ப கிரவுண்டுல கோழிங்க ஓடுது. எந்தக் கேட்டு வழியா வேணும்னாலும் வருது, போகுது.

ஏன் எந்திரிக்கறீங்க? எங்க... இங்க எதுக்கு வர்றீங்க? என்ன, நகரணுமா? இது என் சீட்டுங்க. மெழுகுவத்தியை எதுக்கு என் கையில குடுக்கறீங்க? என்னது, லைசென்ஸா? லாரியா? இத்தாலியில நீங்க லாரியா ஓட்டறீங்க? இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன... நான் எங்க பேச விட்டேனா! சரி சரி, நகர்றேன், தள்ளாதீங்க.

ஆனா தங்கச்சி, சொல்றதைக் கேளுங்க, இது பின்னாடி போகாது. கொள்கையை விடுங்க, போகவே போகாது. நான் மொத நாளே அந்தக் கியர் கம்பியை எல்லாப் பக்கமும் தள்ளிப் பாத்துட்டேன், இழுத்துப் பாத்துட்டேன்... கொடி, கொடி! கொடியை ஏன் கழட்டறீங்க? அந்த வளையத்தை எதுக்குத் தூக்கறீங்க, அது சும்மா அழகுக்கு...

...

தூக்கினாத்தான் ரிவர்ஸ் விழுமா?

போகுது. ஐயோ, பின்னாடி போகுது. செவரு முன்னால போகுது பாருங்க. டுடோசே மவன் கையாட்டறான்.

வளையத்தைத் தூக்கணுமா... அன்னிக்கி பஸ்ஸு நெறைய ஆளு இருந்தானுங்க தங்கச்சி. அத்தனை பேரும் என் கையையே பாத்துக்கிட்டு இருந்தானுங்க. ஒருத்தன்... ஒரே ஒருத்தன் வாயைத் தொறந்து சொல்லியிருந்தா? அந்த டீமு எப்பிடிங்க உருப்படும்!