இடுப்பிலிருந்த பிள்ளையையும் கணக்கில் சேர்த்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆய்வு மையத் தலைவர் அவர்களே, பேராசிரியரின் கணவர் முத்திருளன் அண்ணன் அவர்களே, மகள் பவதாரிணி அவர்களே, பரவையிலிருந்தும் சமயநல்லூரிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு இந்தப் பசுமலைக்கு வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, மாணவ மாணவியரே, வணக்கம் சொல்லவே வாய் வரவில்லை. இருந்தாலும் உங்கள் எல்லோருக்கும் இந்தச் சிவனாண்டியின் வணக்கம்.

பேராசிரியர் முனைவர் பாண்டிமீனா அவர்கள் போன வாரம் நம்மை விட்டுப் போய்விட்டார். சிறுநீரக நோயோடு நெடுநாள் மல்லுக்கட்டினார், முடியவில்லை. பக்கத்து மேசையில் கணினி வேலை பார்த்தவன் என்கிற ஒரே தகுதியில்தான் நான் இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன்.

அவர் செய்த வேலைதான் என்ன? அவருடைய சொந்தக்காரர்களே என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். ஒரு வீட்டுக்குப் போய், “நேத்து எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டு எழுதுவார்கள். அதற்கு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று பெயர். பல நாடுகளில், பல காலங்களில் இதை எடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நாட்டுக்காரர் தண்ணீர் எடுப்பதை உழைப்பு என்பார், இன்னொருவர் வீட்டு வேலை என்பார். ஒரு காலத்தில் ஒரே நேரத்தில் செய்த இரண்டு வேலையையும் எழுதுவார்கள், இன்னொரு காலத்தில் ஒன்றை மட்டும் எழுதுவார்கள். இவற்றையெல்லாம் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தால்தானே அந்த ஊரையும் இந்த ஊரையும், அன்றையும் இன்றையும் ஒப்பிட முடியும்? அந்த அளவுகோலைச் செய்தவர் நம் பேராசிரியர்.

சமயநல்லூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர். புள்ளியியல் படித்தார். இளம் வயதிலேயே ஒரு கட்டுரை எழுதினார். காஸ் அடுப்பும் மிக்ஸியும் குழாய்த் தண்ணீரும் வந்தபின் நம் பக்கத்துப் பெண்களின் வீட்டுவேலை நேரம் பெருமளவு குறைந்துவிட்டது என்று, இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிட்டுச் சொன்ன கட்டுரை அது. விருது கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் மேற்கோள் காட்டினார்கள். பாண்டிமீனா என்றாலே அந்தக் கட்டுரைதான் என்று ஆனது.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு வெளிநாட்டுக் கணக்கெடுப்பை நம்முடையதோடு பொருத்தும் வேலை வந்தது. அவர்களுடைய தாளில் இரண்டு பத்திகள் இருந்தன. முக்கிய வேலைக்கு ஒன்று, கூடவே செய்த வேலைக்கு ஒன்று. “என் கட்டுரையில ஒப்பிட்ட நம்ம ரெண்டு கணக்கெடுப்புலயும் இது எப்படி இருக்கு, பாரு” என்றார். பார்த்தோம். நம் பழைய கணக்கெடுப்பில் இரண்டு வேலையும் பதிவாகியிருந்தது. புதியதில் ஒன்றுதான். சோறு வடித்துக்கொண்டே பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவளுக்குப் பழைய கணக்கில் இரண்டு வேலை, புதிய கணக்கில் சமையல் மட்டும். இரண்டையும் ஒரே அளவில் வைத்துப் பார்த்தபோது சமையல் நேரம் கொஞ்சம் குறைந்திருந்தது உண்மை. பிள்ளை பார்க்கும் நேரம் குறைந்தது என்பதற்குச் சான்றே இல்லை. இரண்டாவது முறை அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். “அப்போ என் கட்டுரையே தப்பு தம்பி” என்றார்.

அதே சமயத்தில் சென்னையில் ஓர் அரசு ஆலோசனைக் குழு கூடிக்கொண்டிருந்தது. கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்காகக் கிராமங்களில் நடக்கும் பகல்நேரக் குழந்தைக் காப்பகங்களை மூடலாமா என்பது பேச்சு. மூடலாம் என்றவர்கள் கையில் இருந்த ஆதாரம் எது தெரியுமா? பேராசிரியரின் அந்தக் கட்டுரை. பெண்களுக்கு இப்போது நேரம் மிச்சமாகிறதே, காப்பகம் எதற்கு என்று கேட்டார்கள்.

அன்றைய எங்கள் இயக்குநர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

“மேடம், அடுத்த கட்டுரையில ஒரு அடிக்குறிப்பு போட்டு விட்ருங்க. இம்புட்டு வருசமா யாரும் கேக்கல. அடுத்த இயக்குநரா உங்க பேரத்தான் அனுப்பப் போறேன்.”

“யாரும் கேக்கலங்குறதுக்காக அந்தப் பொம்பளைக இடுப்புல பிள்ளை இல்லன்னு ஆயிருமா சார்?” என்றார் பேராசிரியர்.

வீட்டில் நடந்ததை முத்திருளன் அண்ணன் பிற்பாடு எனக்குச் சொன்னார். “என்னங்க, நாளைக்கிச் சென்னை போறேன். போனா எடுத்த பேரு அம்புட்டும் போயிரும்” என்றாராம். அண்ணன் அப்போது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். “போயிட்டு வா மீனா. அந்தப் பேரு வாரதுக்கு முன்னாடியே நான் உன்னயக் கட்டிக்கிட்டவன்” என்று சொல்லியிருக்கிறார். அண்ணே, அந்த ஒரு சொல்லுக்கு இந்த மாவட்டமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

மறுநாள் பேராசிரியர் அந்தக் குழுவின் முன்னால் எழுந்து நின்று, “என் கட்டுரையின் முடிவு தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன்” என்றார். ஓர் உறுப்பினர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “அப்போ நீங்க அன்னைக்கு எழுதுனது பொய்யா?”

“பொய் இல்லங்க, தப்பு. பொய்யா இருந்தா நான் இம்புட்டுத் தூரம் வந்திருக்க மாட்டேன்.”

யாரும் கைதட்டவில்லை. இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போனது. வெளிநாட்டுக் கூட்டு ஆய்விலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். விருதைத் திருப்பி அனுப்பினார். காப்பகங்களை மூடும் முடிவை மட்டும் குழு தள்ளிவைத்தது, பிறகு கைவிட்டது.

அத்தோடு உட்கார்ந்துவிட்டாரா? இல்லை. எவ்வளவு விட்டுப்போனது என்று தெரியாமல் எந்த அளவுகோலையும் நம்ப முடியாது என்றார். ஒரே வீட்டில் பழைய முறையிலும் கேட்டார், புதிய முறையிலும் கேட்டார். பேருந்தில் போனார், வெயிலில் நடந்தார், உங்களில் பலருடைய வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினார். இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்ட பிறகே பொது அளவுகோலை எழுதினார். அவரை விலக்கிய அதே வெளிநாட்டுக் குழு, ஆண்டுகள் கழித்து அந்த அளவுகோலைக் கேட்டு இந்தப் பசுமலைக்கு வந்தது. மனக்கசப்பில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அவர்களுக்குக் காபி வரவழைத்ததுகூட அவர்தான்.

நோய் முற்றியபோதும் மடிக்கணினியை விடவில்லை. “அம்மா, செத்த நேரம் படும்மா” என்று பவதாரிணி கெஞ்சுவார். “படுத்துக்கிட்டுத்தானடி பாக்குறேன்” என்பார். கடைசியாக நான் மருத்துவமனைக்குப் போனபோது, ஒரு நாட்டின் பழைய கணக்கெடுப்பில் பெண்கள் கூடவே செய்த வேலை பதிவாகவே இல்லை, உத்தேசமாக ஓர் எண் போட்டு நிரப்பிவிடலாமா என்று கேட்டேன். தலையை அசைத்து மறுத்தார்.

“தெரியலன்னா காலியா விடு தம்பி. காலியாக் கெடந்தாத்தான் பின்னாடி வாரவுக போயிக் கேப்பாக.”

அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

பேராசிரியரே, உங்கள் மையத்தின் சார்பில் இந்த அவையின் முன் உறுதி சொல்கிறோம். அந்த வேலையை முடிப்போம். எந்த நாட்டு மாணவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அளவுகோலைப் பொதுவில் வைப்போம். வரப்போகும் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும், கூடவே என்ன செய்தீர்கள் என்ற கேள்வி இடம்பெறும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

இன்னும் பேசலாம். ஆனால் முன்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் சிலர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது காப்பகத்தில் இருக்கிறார்கள், பூட்டுவதற்குள் போய் அழைத்துவர வேண்டும். போய் வாருங்கள், தாயே. நான் முடித்துக்கொள்கிறேன்.