விசிறிக் குடம்

காலை ஆறரை மணிக்கு அந்த மைதானத்தில் காற்று இருக்காது. மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. வெயில் ஏறினால் தொழிற்சாலைச் சுவரில் முட்டிக் காற்று திரும்பும், இறக்கை ஆடும். அதனால் ஞாயிற்றுக்கிழமையும் சீக்கிரம் எழுந்துவிடுவோம். எழுந்துவிடுவோம் என்றால், அண்ணன் என்னை எழுப்புவார்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். எனக்கும் அதுதான் வசதி.

என் தொழில் பல் கட்டுவது. பல் மருத்துவர் அளவெடுத்து, மருத்துவமனைக் கீழ்த்தளத்தில் இருக்கும் என் பட்டறைக்கு அனுப்புவார். நான் மெழுகில் பல்லைச் செய்வேன். அதைச் சுற்றி வார்ப்புச் சுண்ணமாவைக் கரைத்து ஊற்றி இறுகவிட்டு, உலையில் வைத்தால் மெழுகு ஓடிப்போகும். மெழுகு இருந்த குழியில் உலோகத்தை உருக்கி ஊற்றவேண்டும். நான் கட்டிய பல் யாருக்கும் உடைந்ததில்லை.

அதே உலையில்தான் அண்ணனின் விமானத்துக்கும் பாகங்கள் வார்த்தேன். அவருக்குக் கண்ணாடிக் கடை. வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "என் விமானத்துக்கு இவன்தான் பல் கட்டுறான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

விமானம் பெரியது. இறக்கையோடு தூக்க இரண்டு பேர் வேண்டும். பழைய பயிற்சி விமானம் ஒன்றின் அச்சு அசலான சிறு வடிவம். வாங்கும்போது அதில் மின்மோட்டார் இருந்தது. அது போதும். சில வாரம் பறந்தது. பிறகு அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"இதுக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு வேணும்டா."

இன்ஜின் மாற்றுவது பல்பு மாற்றுவது போல என்று நினைப்பவர்கள் உண்டு. முதலில் மூக்கை அறுக்கவேண்டும். புதிய இன்ஜினின் எடை வேறு, அதிர்வு வேறு. அதைத் தாங்கப் புதிய பலகை வேண்டும். மூக்கு கனத்தால் வாலில் ஈயம் வைக்கவேண்டும். வால் கனத்தால் இன்ஜின் திணறும். இதெல்லாம் முடிந்த பிறகு, இன்ஜின் தண்டின் பருமனும் மூக்கில் சுழலும் விசிறியின் துளையும் பொருந்தாது. இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு குடம் வேண்டும், வண்டிச் சக்கரத்துக்கு இருப்பது போல. கடையில் கிடைக்காது. நான் வார்ப்பேன்.

மின்மோட்டாரை எடுத்துவிட்டு ஆல்கஹாலில் ஓடும் சிறு இன்ஜின் வைத்தோம். அதை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியது. பிறகு பெட்ரோல் இன்ஜின். "நம்ம வீட்ல இத்தனை தடவை மூக்கறுபட்டது இது மட்டும்தான்" என்று அண்ணன் சொல்வார். மூக்கை அறுத்து முடித்து, வண்ணம் காய்ந்து, அது நன்றாகப் பறக்கத் தொடங்கியதும் மறுபடி கையைக் கட்டிக்கொள்வார். அந்தக் கையைப் பார்த்தாலே எனக்கு முதுகு வலிக்கும்.

ஆரம்பத்தில் விருப்பமாகத்தான் செய்தேன். என் மனைவி வீட்டைவிட்டுப் போன வருடம் அது. எங்கே போனாள் என்பது இதற்குத் தேவையில்லை. அண்ணன் என்னை அவர் வீட்டு மாடிக்குக் கூட்டிவந்தார். அண்ணி தட்டில் சோறு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை. கெட்டவர்கள் யாரும் இந்தக் கதையில் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வீடு மாறியிருப்பேன்.

களைப்பு என்று நான் சொல்வது தூங்கினால் போகிற களைப்பு இல்லை. பகலெல்லாம் யாருடைய வாய்க்கோ அளவு பார்ப்பது, சாயங்காலம் வந்து மூக்கை அறுப்பது. ஒருமுறை முடியாது என்று சொன்னேன். "சரிடா, கொஞ்ச நாள் சும்மா இரு" என்றார். எனக்கு நெஞ்சு லேசானது. அடுத்த வாரமே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். உள்ளே இன்னும் பெரிய இன்ஜின்.

அதற்குத்தான் கடைசிக் குடம்.

உலோகம் உருகி ஓடும்போது சில சமயம் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே தெரியாது. தட்டிப் பார்த்தால் தெரியும். நல்ல வார்ப்பு கணீர் என்று கேட்கும். உள்ளே குமிழி இருந்தால் மொத்தென்று கேட்கும். பல் அப்படிக் கேட்டால் அதைச் சுத்தியலால் உடைத்துவிட்டு மறுபடி வார்ப்பேன். பெரிய குடம் என்பதால் இந்த முறை இரண்டு வார்த்தேன். ஒன்று கணீர் என்றது. ஒன்று மொத்தென்றது.

இரண்டுக்கும் மெருகு போட்டேன். மெருகு போட்ட பிறகு இரண்டும் ஒன்றுபோல மின்னின. எது எது என்று எனக்கு மட்டும் தெரியும்.

மொத்தென்றதை விமானத்தில் பொருத்தினேன். நல்லது கீழ்த்தளத்தில், என் மேசை இழுப்பறையில், பஞ்சில் சுற்றி இருக்கிறது. உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். யாருடைய பல்லுக்கோ என்று விட்டிருப்பார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது விமானம் உடைவது. அதை மட்டும் நீங்கள் சரியாக எழுதிக்கொள்ளவேண்டும். முழு வேகத்தில் குடம் பிளந்தால் மூக்கு சிதறும், தண்டு வளையும், இனி ஒட்ட முடியாது என்று ஆகும். அண்ணன் வருத்தப்படுவார். நான் ஆறுதல் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை படுத்திருப்பேன். நான் யோசித்தது அவ்வளவுதான். ஆளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இன்ஜினைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பின்னால் நின்று வாலைப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் மூக்கின் பக்கத்தில் மண்டியிட்டு, சத்தத்தைக் கேட்டபடி, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருப்பவேண்டும். ஊசி எப்போதும் என் வேலை. பல் கட்டுகிறவனுக்குத்தான் கை நடுங்காது என்று அண்ணன் சொல்வார். அவர் வாலைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்.

அன்று அண்ணியும் வந்திருந்தார். குளிர்ந்த தண்ணீரும் இரண்டு டம்ளரும் கொண்டுவந்து, மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. நல்ல இன்ஜின். வேகத்தைக் கூட்டக் கூட்ட, வாலைப் பிடித்திருந்த என் கை தோள்வரை அதிர்ந்தது. அண்ணன் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. மூச்சு என்று சொன்னது போல இருந்தது.

குடம் பிளந்தது. விசிறியின் ஒரு பாதி பக்கவாட்டில் போனது. அண்ணனின் கழுத்து அங்கே இருந்தது.

விமானத்துக்குப் பெரிய சேதமில்லை. பலகையில் ஒரு விரிசல். ஒட்டிவிடலாம்.

விபத்து என்று உங்கள் ஆட்களே எழுதிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. வீட்டில் செய்த பாகம், வீட்டில் செய்த தவறு என்றார்கள். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒருவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நேற்று மாடிப்படியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். நானும் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"அவருக்கு இந்த விமானமே பிடிக்காது தம்பி. வெயில்ல நின்னா அவருக்குத் தலைவலி வந்துடும். 'அவன் கை சும்மா இருந்தா மனசு எங்கயாவது போயிடும், அதான் எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கேன்'னு சொல்வாரு. எத்தனை நாளைக்குங்கன்னு கேட்டேன். 'அவனா போதும்னு சொல்ற வரைக்கும்'னாரு."

நான் ஒருமுறை சொன்னேன் என்று அண்ணியிடம் சொல்லவில்லை. அவர் நம்பும்படி நான் சொல்லவில்லை போலிருக்கிறது. இரண்டு பேரும் களைத்துத்தான் இருந்திருக்கிறோம். முன்பே தெரிந்திருந்தால் சேர்ந்து ஓய்வெடுத்திருக்கலாம்.

அப்போதுதான் அண்ணியிடம் குடத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உங்களிடம் இப்போது சொன்னது போலவே: நான்தான் பொருத்தினேன், தெரிந்தே பொருத்தினேன், விமானம் மட்டும் உடையும் என்று நினைத்தேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் நீங்கதானே தம்பி ஊசியத் திருப்புவீங்க. அன்னைக்கு மட்டும் ஏன் அவர முன்னால போகச் சொன்னீங்க?"