கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி

தாம்பரத்தில் காலையில் கிளம்பிய மின்சார ரயில், மகளிர் பெட்டி. எதிர் சீட்டில் இரண்டு டீச்சர்கள். இளையவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"செத்துப் போனவங்க கேட்டா பதில் சொல்லணுமாக்கா?"

"யாரு கேட்டா?"

"நம்ம பழைய ஹெச்.எம். திட்டவே மாட்டாங்களே. கடைசி பெஞ்சுல உக்காந்து கிளாஸ் முழுக்கப் பாப்பாங்க. மணி அடிச்சதும் ஒரே கேள்வி. 'இன்னிக்கு எந்தப் புள்ளைய நீ பாக்கவே இல்ல?' பதில நாமளே யோசிச்சு சொல்லணும்."

"எங்கிட்டயும் அதான் கேப்பாங்க."

"நேத்து கணக்கு கிளாஸ் முடிஞ்சு போர்ட அழிச்சிட்டிருந்தேன். பின்னாடி அதே குரல், அதே கேள்வி. 'ஜன்னலோரம் பாத்திமா, மேடம்'னு பழக்கத்துல சொல்லிட்டேன். அப்புறம்தான் அவங்க இல்லேங்கறதே ஞாபகம் வந்துச்சு."

"அவங்களயே நெனச்சிட்டிருக்கே. பிரமைடி."

குரோம்பேட்டையில் கூட்டம் ஏறியது. இளையவர் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"நானும் பிரமைன்னுதான் திரும்பினேன். புள்ளைங்க எல்லாம் எழுந்து நின்னு, காலியா இருந்த கடைசி பெஞ்சையே பாத்துட்டிருந்துச்சுங்க. பாத்திமா மட்டும் உக்காந்தபடியே என்னப் பாத்துட்டிருந்தா."