எந்தப் படத்திலும் வராத முகமூடி

என்னை எல்லோரும் ராக்கெட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த வாக்குமூலத்திலும் அதையே எழுதிக்கொள்ளச் சொன்னேன். வயது 41. சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் என் தங்கையுடன் குடியிருக்கிறேன். விண்வெளிக் கதைகளில் வருவது போன்ற துப்பாக்கிகள், கருவிகள், முகமூடிகளைக் கையால் செய்து விற்பது என் தொழில். எதையும் பார்த்துச் செய்வதில்லை. எல்லாம் என் சொந்தக் கற்பனை.

இந்தப் புகாரில் சொல்லப்படும் அசல் முகமூடி, காற்றில்லாத கிரகத்தில் இறங்குகிறவர் மாட்டிக்கொள்வதற்காக நான் யோசித்தது. பழைய அலுமினியக் குடத்தை வெட்டித் தட்டி, கண்ணுக்குக் கேமரா லென்ஸ் பொருத்தினேன். அளவு பார்த்தது என் தங்கை முகத்தில். "மூக்கு நசுங்குதுக்கா" என்றாள். அதன் பிறகு முழுவதையும் பிரித்து மறுபடி தட்டினேன். உள்ளே நெற்றி படும் இடத்தில் என் அடையாளமாக ஒரு சின்ன ராக்கெட்டைச் செதுக்கினேன்.

அதன் பிறகு அதை விற்பதற்காக ஒரு கண்காட்சியில் வைத்தேன். வந்தவர்கள் எடுத்து மாட்டி, போட்டோ பிடித்துக்கொண்டு, "இது எந்தப் படத்துல வருது?" என்று கேட்டார்கள். எந்தப் படத்திலும் இல்லை, நானே யோசித்தது என்றதும் கை சுட்டது போலக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்துக் கடையில் ஏதோ படத்து வாளைப் பார்த்து அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வாள்கள் விற்றுத் தீர்ந்தன. அந்தக் கடைக்காரர் பாவம் பார்த்து, "ஏதாச்சும் ஒரு படத்து பேரைச் சொல்லிடுங்கம்மா, யாரு போய்ப் பார்க்கப் போறாங்க" என்றார். நான் சொல்லவில்லை. கடைசியில், சினிமாவில் பயன்படுத்திய பொருட்களை விற்கும் ஷோரூம் முதலாளி வந்து, எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். எதுவும் கேட்காததே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு சில வாரங்கள் கழித்து என் தங்கை வேலை முடிந்து வந்து, "அக்கா, என் மூஞ்சி அந்த ஷோரூம்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு" என்றாள். மறுநாள் நான் போனேன். ஒரு பிரபல நடிகர் படத்தில் அணிந்தது என்று அட்டை வைத்திருந்தார்கள். ஒரு பல் டாக்டர் வாங்குவதற்காக அதை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டு வாங்கித் திருப்பினேன். உள்ளே இருந்த ராக்கெட்டை அரத்தால் ராவி அழித்திருந்தார்கள்.

உடனே என் பையில் இருந்த செதுக்கும் ஊசியை எடுத்து, இந்தத் தடவை உள்ளே அல்லாமல் வெளியே, நெற்றியின் நடுவில், எல்லோருக்கும் தெரியும்படி பெரிதாக ராக்கெட்டைச் செதுக்கினேன். முதலாளி என் கையைப் பிடித்து இழுத்தார். முடிக்கும் வரை நான் விடவில்லை. அவர் இழுத்ததில் ராக்கெட்டின் வால் கோணலாகிவிட்டது. அதற்கு மட்டும் வருந்துகிறேன்.

டாக்டர் என்னிடம், "அப்ப இது எந்தப் படத்துலயும் வரலையா?" என்று கேட்டார். "வரல சார். வந்திருந்தா அது வேற யாரோ யோசிச்சதா இருக்கும்" என்றேன். அவர் வாங்காமல் போய்விட்டார். அதன் பிறகு முதலாளி, தன் பொருளை நான் பாழாக்கியதாகப் புகார் கொடுத்தார்.

நேற்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஒரு படத்துக்காகச் செஞ்சு கொடுத்ததுன்னு மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கேஸை வாபஸ் வாங்கிடறேன். இனிமே நீங்க செய்யறது எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன்" என்றார். எனக்கு வேறு யாரும் வாங்குகிறவர்கள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். நான் பதில் சொல்வதற்குள் என் தங்கை எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

விலை கொடுத்து வாங்கியவர் பொருளில் கை வைத்தது குற்றமென்றால், அதைச் செய்தது நான்தான். தண்டனை கொடுங்கள். மன்னிப்பு எழுதித் தர மாட்டேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "போலி முகமூடி" என்று இருந்ததை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லை அடித்து, மேலே "அசல்" என்று எழுதிய பிறகு, இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, சொன்னதெல்லாம் நடந்தது என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)