போண்டா எண்ணெயில் ஓடும் ஜீப்

புதூர்நாட்டிலிருந்து ஆலங்காயம் இறங்கும் பஸ்ஸில், புளி மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு, என் ஜன்னல் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு ஜீப்காரர்கள். ஒருவர் கையில் உப்பிப்போன டீசல் குழாய் ஒன்று.

“டீசலுக்கு பதிலா போண்டா சுட்ட எண்ணெய ஊத்துனா முனுசாமி ஜீப் ஓடுது. என்னுது மட்டும் ஏன் ஒழுவுது?” என்றார் குழாய்க்காரர்.

“அவன் குழாயெல்லாம் மாத்திட்டுதாம்பா ஊத்துனான். அந்த எண்ணெய்க்குப் பழைய ரப்பர் ஊறிப்பூடும்.”

“எங்கிட்ட சொல்லலியே.”

“நீ கேட்டியா? அவன் எண்ணெய வடிகட்டுனத வேலி சந்துல பாத்துட்டு வந்து ஊத்துன.”

குழாய்க்காரர் உப்பிய இடத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு, “அவன் ஜீப்புல ஏறுனா மேலெல்லாம் போண்டா நாத்தம்” என்றார்.

“ஜனம் வாசனன்னு சொல்லுது. உன் சவாரி மொத்தமும் இப்ப அவங்கிட்டதான.”

வளைவில் பஸ் மெதுவாகத் திரும்பியபோது அந்த ஜீப் முந்திப் போனது. போண்டா வாசனை பஸ்ஸுக்குள்ளும் வந்தது.

“முனுசாமி ஜீப்புல முன் சீட்ல சிரிச்சிக்கினு போறது உன் வூட்டுக்காரி மாதிரி கீதே.”

“மாதிரி இன்னா, அவளேதான். என் ஜீப்புல ஏறுனா தலை சுத்துதுன்னு இத்தினி வருசமா சொன்னவ.”