குதிரை நாடகத்தின் சத்தம்

அம்பத்தூரில் ரயிலேறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். அக்கா, தங்கை. ஆவடியில் தனியாக இருக்கும் அப்பாவைத் தங்கையின் வீட்டுக்கே கூட்டிவரப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"அக்கா, ஞாயித்துக்கெழம டிவில பறக்குற குதிர நாடகம் போடுவானே, அத்த நேத்து பையனுக்கு போன்ல போட்டுக் காட்டினேன். ஒரே அமைதியா கீது. சின்ன வயசுல காது கிழியுமே?"

"நாடகம் அப்பவும் அப்படித்தான். நான்தான் சத்தத்த முழுசா திருவி வெப்பேன்."

"ஏன்?"

"ஞாயித்துக்கெழம அப்பாவுக்கு லீவு. உள் ரூம்ல அம்மாவ அடிப்பாரு. உனக்குக் கேக்கக் கூடாதுன்னு அம்மாதான் வெக்கச் சொல்லும்."

ரயில் திருமுல்லைவாயிலைத் தாண்டியது. தங்கை மெதுவாகக் கேட்டாள்.

"அம்மாவுக்கு ஒரு காது கேக்காம போச்சே, அது ஜுரத்துல இல்லியா?"

"உங்கிட்ட அப்படிச் சொல்லிச்சி."

"நான் அந்த நாடகத்தப் பாத்து சிரிச்சிகினு இருந்தேனேக்கா."

"நீ சிரிக்கிறது கேட்டா அம்மாவுக்குத் தைரியமா இருக்கும்."

"இத்தினி வருஷமா ஏன் சொல்லல?"

"அம்மாதான் பூட்சி. உனக்கு அப்பாவாச்சும் இருக்கட்டும்னு பாத்தேன்."

ஆவடி வந்தது. அக்கா எழுந்தாள்.

"வா. பெட்டியக் கட்டி வெச்சிகினு காத்துகினு இருப்பாரு."

தங்கை அசையவில்லை. "நீ போக்கா. அவரு என் ஊட்டுக்கு வேணாம்."

"வேற எங்க கூட்டிகினு போவேன்?"

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா அவளைப் பார்த்துவிட்டு, தனியாக இறங்கினாள்.